ஃபீட் ரீடரில் செய்தி வாசிப்பு: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தொழில்நுட்பம், அறிவியல், சினிமா, கேம் என்று பல பக்கமும் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒரே இடத்தில் படிக்க ஃபீட் ரீடரைவிட நல்ல கருவி இன்றைக்கும் இல்லை. ஆனாலும் ஆசையாக நிறுவிய பலர் சில மாதங்களில் கைவிட்டுவிடுகிறார்கள். படிக்காதவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும், அதைப் பார்த்தாலே திறக்க மனம் வராது. செயலி சரியில்லை என்று வேறொன்றுக்கு மாறுவார்கள். அங்கேயும் அதே எண்ணிக்கை ஏறும். நெடுநாள் பயன்பாட்டில் உறுதியாகத் தெரியவருவது இதுதான்: எந்தச் செயலி என்பது சின்ன விஷயம். எந்தத் தளத்தை, எந்த வடிவில் உள்ளே விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு தளம் தன் அண்மைப் பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, தேதி, சுருக்கம் அல்லது முழு உரை ஆகியவற்றை எக்ஸ்எம்எல் என்ற, நிரல்கள் எளிதில் படிக்கும் வடிவக் கோப்பில் எழுதி வைக்கிறது. அதுதான் ஆர்.எஸ்.எஸ். செய்தியோடை, அதாவது ஃபீட். ரீடர் குறிப்பிட்ட இடைவெளியில் அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்து, புதிதாக வந்ததை மட்டும் காட்டுகிறது. 1999-ல் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தில் தொடங்கிய வடிவம் இது. கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ல் மூடப்பட்டபோதும், 2018 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் 64-ஆம் பதிப்பில் ஃபீட் வசதியை எடுத்துவிட்டபோதும் ஆர்.எஸ்.எஸ். முடிந்துபோயிற்று என்ற பேச்சு பரவியது. அது தவறு. வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளில் இயங்கும் தளங்கள் கேட்காமலேயே ஃபீட் தருகின்றன. பாட்காஸ்ட் உலகம் பெரும்பாலும் இதன் மேல்தான் ஓடுகிறது. யூடியூப் சேனல், மாஸ்டடான், புளூஸ்கை கணக்குகள், கிட்ஹப்பில் ஒரு மென்பொருளின் வெளியீட்டுப் பக்கம் என எல்லாவற்றுக்கும் உண்டு. தளங்களின் முகப்பில் இருந்த ஆரஞ்சு நிறச் சின்னம்தான் காணாமல் போனது.

சேர்ப்பது எளிது. தளத்தின் முகப்பு முகவரியை ரீடரில் ஒட்டினாலே பெரும்பாலும் ஃபீடை அதுவே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து ஆர்எஸ்எஸ் (rss) அல்லது ஆட்டம் (atom, இதே வேலையைச் செய்யும் இன்னொரு ஃபீட் வடிவம்) என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடினால் முகவரி கிடைக்கும். வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும். இங்கே ஒரு பொறி உண்டு. பல வேர்ட்பிரஸ் தளங்கள் பதிவுகளுக்கு ஒன்று, பின்னூட்டங்களுக்கு ஒன்று என இரண்டு ஃபீட்களை முன்வைக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கட்டுரை எதுவும் வரவில்லை, யாரோ பேசிக்கொள்வதுதான் வருகிறது என்று குழம்புபவர்கள் நிறைய.

அடுத்துச் சொல்லப்போவதுதான் பலருக்கும் தெரியாமலேயே நடக்கும் இழப்பு. ஃபீட் கோப்பில் தளத்தின் எல்லாப் பதிவுகளும் இருப்பதில்லை. வேர்ட்பிரஸில் இயல்பாகக் கடைசிப் 10 பதிவுகள்தான். யூடியூபில் கடைசி 15 காணொளிகள். ஒரு நாளைக்கு 40 செய்தி போடும் தளத்தின் ஃபீடில் 10-தான் இருக்கிறது, உங்கள் செயலி நீங்கள் திறக்கும்போது மட்டும் எடுத்துப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை திறந்தால் 30 செய்திகள் உங்கள் கண்ணில் படாமலேயே போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. கைபேசியில் மட்டும் இயங்கும் ரீடர்களின் பெரிய குறை இது. சேவையகத்தில் இயங்கும் ரீடர்கள் (இன்னோரீடர், ஃபீட்லி, நியூஸ்பிளர் போன்றவை, அல்லது சொந்தமாக நிறுவும் ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃபிளக்ஸ்) நீங்கள் தூங்கும்போதும் எடுத்துச் சேமித்துக்கொண்டே இருக்கும். மினிஃபிளக்ஸில் இயல்பான இடைவெளி 60 நிமிடம். பெரும்பாலான தளங்களுக்கு அது போதும். அதைவிடக் குறைத்தால் சில தளங்கள் 429 என்ற பிழையைத் திருப்பித் தரும். அடிக்கடி வராதே என்று அர்த்தம்.

இப்போது தேர்வுக்கு வருவோம். ஃபீட் ரீடர் பிறந்ததே அரிதாக எழுதுபவர்களுக்காகத்தான். மாதம் இரண்டு கட்டுரை எழுதும் ஒரு பொறியாளரின் வலைப்பதிவு, வருடத்துக்கு நாலைந்து முறை புதிய பதிப்பு வரும் ஒரு மென்பொருள், எப்போதாவது காணொளி போடும் ஓர் அறிவியல் சேனல். இவற்றை நினைவில் வைத்துக்கொண்டு போய்ப் பார்க்க முடியாது. ரீடர் பார்த்துக்கொள்ளும். இப்படிப்பட்ட 200 தளங்களைச் சேர்த்தாலும் சுமை ஏறாது. அதற்கு மாறாக, நாள்தோறும் ஐம்பது செய்தி கொட்டும் ஒரே ஒரு பெரிய தளம் அத்தனை பேரையும் மூழ்கடித்துவிடும். அத்தகைய தளத்தை நேரே போய்ப் பார்ப்பதே மேல். அல்லது அதன் ஒரு பிரிவின் ஃபீடை மட்டும் எடுக்கலாம். வேர்ட்பிரஸில் ஒவ்வொரு வகைக்கும், குறிச்சொல்லுக்கும், எழுத்தாளருக்கும் தனி ஃபீட் உண்டு. அந்தப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் அதே சொல்லைச் சேர்த்தால் கிடைக்கும். ஒரு பெரிய தளத்தில் ஒரே ஒரு நல்ல நிருபரை மட்டும் பின்தொடர இதைவிடச் சிறந்த வழி இல்லை.

தொழில்நுட்பச் செய்தியில் மிகுதியும் ஒரே செய்தியின் நகல்கள். ஒரு தளத்தில் வதந்தி வரும், மற்றவை அதை மேற்கோள் காட்டி எழுதும், பிறகு அறிவிப்பு, பிறகு விலை, பிறகு 'கையில் எடுத்துப் பார்த்தோம்'. வதந்தியை முதலில் வெளியிடும் தளங்களை விட்டுவிட்டு, பொருளைச் சில வாரம் பயன்படுத்திப் பார்த்து எழுதும் தளங்களையும், நிறுவனங்களின் பொறியியல் வலைப்பதிவுகளையும் வைத்துக்கொண்டால் ரீடர் அமைதியாகிவிடும். ஹேக்கர் நியூஸ் போன்ற, வாசகர்கள் இணைப்புகளைப் பகிர்ந்து வாக்களிக்கும் திரட்டிகளை அப்படியே சேர்க்கக் கூடாது. வாக்குகளால் குறிப்பிட்ட புள்ளிகளைத் தாண்டியவற்றை மட்டும் தரும் இடைநிலை ஃபீட்கள் கிடைக்கின்றன. 200 புள்ளி என்று வரம்பு வைத்துத் தொடங்கி, தேவைக்கேற்ப ஏற்றி இறக்கலாம்.

அறிவியலுக்குத் தனித் தாளம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நேச்சர் இதழின் கட்டுரைகளுக்கான வெளியீட்டுத் தடை (அதுவரை யாரும் செய்தி வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு) பெரும்பாலும் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணிக்கு நீங்கும். சயின்ஸ் இதழுக்கு வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் 2 மணி. நிருபர்கள் முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருப்பதால், அந்த நிமிடத்தில் ஒரே ஆய்வைப் பற்றிய கட்டுரைகள் பல தளங்களிலிருந்து ஒன்றாக வந்து விழும். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. ஆய்வில் சேராத வேறொரு விஞ்ஞானியின் கருத்தைக் கேட்டு எழுதியிருப்பது எதுவோ அதை மட்டும் படித்தால் போதும். பல்கலைக்கழகங்களின் செய்திக்குறிப்பை அப்படியே மறுபதிப்புச் செய்யும் தளங்களைத் தயங்காமல் நீக்கிவிடலாம். எலிகளில் நடந்த சோதனை என்பதைத் தலைப்பில் மறைத்து ஐந்தாம் பத்தியில் சொல்லும் பழக்கம் அங்கே அதிகம். மூல ஆய்வுக் கட்டுரைக்கு இணைப்பே தராத தளம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஆர்க்சைவ் (இதழ்களில் வெளியாகும் முன்பே ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவேற்றும் தளம்) ஃபீடைச் சேர்ப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். சனி, ஞாயிறுகளில் அது காலியாக வரும். வெள்ளி, சனி இரவுகளில் அங்கே புதிய அறிவிப்பு கிடையாது, எனவே பழுது என்று நினைத்து நீக்கிவிட வேண்டாம். அடுத்தது, புதிய கட்டுரைகளோடு பழைய கட்டுரைகளின் திருத்தப் பதிப்புகளும் அதே ஃபீடில் கலந்து வரும். ஒவ்வொரு உருப்படியின் விவரத்திலும் அது புதியதா, வேறு பிரிவிலிருந்து வந்ததா, மாற்றுப் பதிப்பா என்று அறிவிப்பு வகை எழுதியிருக்கும். மாற்றுப் பதிப்பு என்று இருப்பதை ரீடரின் வடிகட்டியில் (குறிப்பிட்ட சொல் உள்ள பதிவுகளை மறைக்கும் விதி) தடுத்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும்.

சினிமா, தொடர், கேம் செய்திகளுக்கு வடிகட்டி இல்லாமல் ஃபீட் ரீடர் வைத்துப் பயனில்லை. டீசர் வரப்போகிறது என்று ஒரு செய்தி, டீசர் வந்துவிட்டது என்று ஒன்று, அதை நொடிக்கு நொடி அலசி ஒன்று, ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இன்னொன்று. கதை வெளிப்படுவதைத் தவிர்க்க விரும்பினால், பார்க்கப்போகும் தொடரின் பெயரையே தற்காலிகமாகத் தடைச் சொல்லாகப் போட்டுவிட்டு, பார்த்து முடித்ததும் எடுத்துவிடலாம். அதோடு அந்தக் கோப்புறைக்குத் தலைப்பு மட்டும் தெரியும் பட்டியல் காட்சியை வைப்பது நல்லது. முக்கியத் திருப்பத்தைத் தலைப்பு மறைத்தாலும் முகப்புப் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ்த் தளங்களுக்கு வடிகட்டி எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்றிருக்கிறது. 'ஐபோன்' என்று எழுதித் தடுத்தால் 'ஐபோனில்', 'ஐபோனை', 'ஐபோனுக்கு' எதுவும் சிக்காது. யூனிகோடில் புள்ளி தனிக் குறி. 'ன்' என்பது 'ன'வும் புள்ளியும் சேர்ந்தது, 'னி' என்பது 'ன'வும் இகரக் குறியும் சேர்ந்தது. எனவே கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு 'ஐபோன' என்று எழுதினால் எல்லா வேற்றுமை வடிவங்களும் பிடிபடும். சொல் தொடங்கும், முடியும் இடத்தைக் காட்டும் சொல்லெல்லைக் குறியை (\b) நம்பவும் கூடாது. மினிஃபிளக்ஸ் எழுதப்பட்ட கோ (Go) நிரல்மொழியின் சுருங்குறித்தொடரில் (regex, சொற்களைத் தேடும் வடிவ விதி) அந்தக் குறி ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே வேலை செய்யும், தமிழில் பொருந்தவே பொருந்தாது. கடன்சொற்களில் ட்ரெய்லர், டிரெய்லர், ட்ரைலர், டிரைலர் என்று நாலு விதமாகவும் எழுதுகிறார்கள். நாலையும் சேர்த்துத்தான் விதி எழுத வேண்டும்.

நாள்பட்ட பயன்பாட்டில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் இவைதான். படித்து முடித்த பழைய பதிவுகள் அனைத்தும் திடீரென்று புதியவை போலத் திரும்பி வருவது: தளம் தன் முகவரியை மாற்றும்போது ஒவ்வொரு பதிவின் அடையாளக் குறியும் மாறிவிடக்கூடும், அப்போது ரீடருக்கு அவை புதுப் பதிவுகள். அந்த ஒரு ஃபீடை மட்டும் 'படித்தது' என்று குறித்துவிட்டால் முடிந்தது. ஒரு பதிவு பல நாள் உச்சியிலேயே உட்கார்ந்திருந்தால், அதன் தேதி தவறுதலாக எதிர்காலத்தில் போடப்பட்டிருக்கும். வெளியீட்டுத் தேதிக்குப் பதிலாக ரீடர் பெற்ற நேரப்படி வரிசைப்படுத்தினால் சரியாகும்.

எரிச்சலூட்டும் கோளாறு 403, அதாவது அனுமதி இல்லை என்ற பிழை. தளத்தின் முன்னால் நிற்கும் பாதுகாப்புச் சேவை உங்கள் ரீடரைத் தானியங்கி என்று கருதித் தடுத்துவிடுகிறது. ஃபீட் என்பதே தானியங்கிகள் படிப்பதற்காக வைக்கப்பட்ட கோப்பு. அதையே தடுப்பது பெரும்பாலும் தள உரிமையாளருக்கே தெரியாமல் நடக்கிறது. ஃபீட் முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் எழுதுவது பயன் தரும். சின்னத் தளங்களை நடத்துபவர்களுக்கு அது ஓரிரு நிமிட வேலை.

சுருக்கம் மட்டும் தரும் ஃபீட்களுக்கு, மூலப் பக்கத்தை எடுத்து வரும் வசதி மினிஃபிளக்ஸிலும் ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்ஸிலும் இருக்கிறது. ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்ஸில் கட்டுரைப் பகுதியின் சிஎஸ்எஸ் தேர்வியை (பக்கத்தின் நிரலில் அந்தப் பகுதியைச் சுட்டும் குறிப்பு) கொடுக்க வேண்டும். தளம் தன் வடிவமைப்பை மாற்றிய அன்று அது வேலை செய்யாமல் போகும் என்பதை எதிர்பார்த்தே வையுங்கள். ஃபீடே இல்லாத தளங்களுக்குப் பக்கத்தைச் சுரண்டி ஃபீட் உருவாக்கும் ஆர்எஸ்எஸ்-பிரிட்ஜ், ஆர்எஸ்எஸ்ஹப் போன்றவையும் அப்படித்தான். ஓரிரண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். இருபது வைத்தால் பராமரிப்பதே வேலையாகிவிடும்.

சொந்தமாக நிறுவுவதா, சேவையில் சேர்வதா? ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியோ சின்ன விபிஎஸ்ஸோ (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சேவையகம்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் சொந்தமாக நிறுவுவதையே பரிந்துரைப்பேன். மினிஃபிளக்ஸ் ஒரே கோப்பு, ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் கட்டாயம். ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்ஸுக்கு எஸ்கியூலைட் என்ற எளிய ஒற்றைக் கோப்புத் தரவுத்தளமே போதும். ஆனால் குறித்த நேரங்களில் தானாக இயங்கும் கிரான் வேலையை அமைக்க மறந்தால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, மேலே சொன்ன இழப்பு இங்கேயும் வரும். ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்ஸைக் கைபேசிச் செயலியோடு இணைக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: அமைப்புகளில் ஏபிஐ (வேறு செயலிகள் உள்ளே வரும் வழி) அணுகலை இயக்க வேண்டும், அதோடு பயனர் விவரப் பக்கத்தில் ஏபிஐக்கென்று தனிக் கடவுச்சொல்லும் போட வேண்டும். வழக்கமான கடவுச்சொல்லைக் கொடுத்தால் உள்ளே விடாது. சேவையகம் பராமரிக்கும் விருப்பமே இல்லாதவர்கள் நல்ல சேவை ஒன்றில் கட்டணம் செலுத்திச் சேர்வதில் தவறில்லை. ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர் இலவசமாகக் கிடைக்கும் தரமான செயலி. தனியாகவும் இயங்கும், மேற்சொன்ன சேவைகளில் பலவற்றோடும் இணையும்.

எதில் இருந்தாலும் ஓபிஎம்எல் (எல்லா ரீடர்களும் பொதுவாக ஏற்கும் ஃபீட் பட்டியல் வடிவம்) கோப்பாக உங்கள் பட்டியலை அவ்வப்போது ஏற்றுமதி செய்து வையுங்கள். ஃபீட் முகவரிகளும் கோப்புறைகளும் அதில் வரும். நட்சத்திரமிட்ட கட்டுரைகளும், எவற்றைப் படித்தீர்கள் என்ற விவரமும் வராது. வடிகட்டி விதிகளும் பொதுவாக வராது, அவற்றைத் தனியே ஓர் உரைக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நட்சத்திரமிட்டவற்றில் முக்கியமானவை இருந்தால், மாறுவதற்கு முன் அவற்றின் இணைப்புகளையும் அதே கோப்பில் நகலெடுத்துவிடுங்கள்.