வண்டலூரா, சொந்தத் தீவா, அடுத்த தீவா?

கிரேட் நிக்கோபாரில் துறைமுகம் வரப்போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் சென்னையில் ஒரு யோசனையும் கூடவே எழுகிறது. அங்கே மண்மேடு கட்டி முட்டையிடும் நிக்கோபார் மெகாபோட் பறவைகளைக் கொஞ்சம் பிடித்துவந்து வண்டலூர் ஜூவில் வளர்த்தால் என்ன? கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். வண்டலூரில் 600 ஹெக்டேர் இடம் இருக்கிறது. 1855ல் மதராஸ் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய நீண்ட அனுபவம் இருக்கிறது. அந்தமானுக்கு இங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். அதனால் இந்த யோசனையைத் தட்டிக்கழிக்காமல் மற்ற வழிகளோடு வைத்துப் பார்ப்போம்.

அழியும் நிலையில் உள்ள தீவுப் பறவைக்கு மூன்று வழிகள் உண்டு. தூரத்து ஜூவுக்குக் கொண்டுபோகலாம். அதே தீவில் கூடம் அமைத்துப் பெருக்கலாம். எதிரி இல்லாத வேறொரு தீவில் விடலாம். அந்தப் பறவையைக் கொல்வது எது என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறும் என்பது என் கருத்து.

தூரத்து ஜூவுக்கு ஆதரவான வலுவான சாட்சி பசிபிக்கில் உள்ள குவாம் தீவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சரக்கோடு சரக்காக ஒரு மரப்பாம்பு அங்கே வந்து இறங்கியது. இரவில் மரமேறி வரும் அப்படி ஓர் எதிரியை அங்கிருந்த பறவைகள் கண்டதே இல்லை. முட்டை, குஞ்சு, அடைகாக்கும் பறவை என்று எல்லாம் போயின. சிஹெக் என்ற மீன்கொத்தியில் மிஞ்சியவற்றிலிருந்து 29ஐ 1980களின் நடுவில் பிடித்து அமெரிக்க ஜூக்களுக்கு அனுப்பினார்கள். 1988க்குப் பிறகு காட்டில் ஒன்றுகூட இல்லை. அந்த 29ம் போகாமல் இருந்திருந்தால் அந்த இனமே இன்று கிடையாது. இதை மறுக்கவே முடியாது.

ஆனால் போன பிறகு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். மீன்கொத்தி என்று பெயரே தவிர, சிஹெக் பல்லியும் பூச்சியும் பிடித்துத் தின்னும் காட்டுப் பறவை. உளுத்துப்போன மரத்தை நோக்கிப் பறந்துவந்து அலகால் மோதும், திரும்பப் போய் மறுபடி மோதும். இப்படிக் குடைந்துதான் பொந்து அமைக்கும். இதற்காக ஜூக்காரர்கள் கூண்டுக்குள் மெத்தென்ற கட்டைகளைக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டும் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறியது. 2024ல் ஒன்பது பறவைகளைத் திறந்த வானில் விட்டார்கள், அதுவும் குவாமில் இல்லை, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பால்மைரா பவளத்தீவில். குவாமில் இன்னும் பாம்பு இருக்கிறது. அதே தீவின் ‘ரெயில்’ (rail) என்ற பறக்காத பறவைக்கும் இதே கதைதான். அது ரோட்டா, கோகோஸ் என்ற பக்கத்துத் தீவுகளில் நிலைபெற்ற பிறகுதான் 2019ல் ‘காட்டில் அழிந்தது’ என்ற பட்டியலிலிருந்து விடுபட்டது. ஆக, குவாமில்கூட ஜூ பாதி வேலையைத்தான் செய்தது. மீதியை இன்னொரு தீவுதான் செய்தது.

ஹவாயின் நேனே வாத்தும் இதையே காட்டுகிறது. 1950ல் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளை வளர்த்துவந்த பீட்டர் ஸ்காட்டிடம் ஜோடி என்று நம்பி அனுப்பப்பட்ட இரண்டும் முட்டையிட்டன! அவசரமாக ஓர் ஆண் வாத்தை ஹவாயிலிருந்து வரவழைத்தார்கள். ஸ்லிம்பிரிட்ஜில் பெருகிய வாத்துகளை 1962ல் மௌயி தீவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் நேனே இன்று அதிகமாக இருப்பது கீரி குடியேறாத கவாயி தீவில். இங்கிலாந்தில் எத்தனை நன்றாக வளர்த்தாலும் கீரிக்கு அங்கிருந்து பதில் சொல்ல முடியாது.

மொரீஷியஸ் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். (ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் நாடு என்பதால் அந்தத் தீவின் மீது தனி வாஞ்சையும் உண்டு.) 1974ல் மொரீஷியஸ் வல்லூறு காட்டில் நாலே நாலுதான் தெரிந்தது. அதைக் கைவிட்டுவிடலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பறவைகளைக் காக்கும் உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ் 1979ல் அங்கே போனார். கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்தால் பறவை மறுபடி முட்டையிடும். எடுத்ததைத் தீவிலேயே பொரிக்கவைத்து வளர்த்தார்கள். காட்டில் இருந்தவற்றுக்குத் தீனி வைத்தார்கள், கூடுபெட்டி மாட்டினார்கள், கீரிகளைப் பொறிவைத்துப் பிடித்தார்கள். இருபது ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகியது. வளர்த்தவரும் பறவையும் காடும் ஒரே இடத்தில் இருந்ததால், ஒரு தவறு நடந்தால் அடுத்த பருவத்திலேயே திருத்த முடிந்தது.

சொந்தத் தீவு என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. பாலி மைனாவைக் கொன்றது பாம்பும் இல்லை, கீரியும் இல்லை. வீட்டுக்கூண்டில் வைக்கும் ஆசைதான். 1999ல் ஆயுதத்தோடு வந்த கும்பல் பாலியின் இனப்பெருக்க மையத்திலேயே புகுந்து பறவைகளைத் தூக்கிக்கொண்டு போனது. 2001ல் காட்டில் மிஞ்சியது ஆறுதான். அப்போது உலகெங்கும் ஜூக்களில் நூற்றுக்கணக்கில் இருந்தன, ஆனாலும் காடு நிறையவில்லை. உள்ளூர்க்காரர்களே உரிமம் பெற்று வளர்க்கலாம் என்ற ஏற்பாடும் கிராமங்களின் காவலும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976ல் தொடங்கிய முதலைப் பண்ணையில் நன்னீர் முதலைகள் நன்றாகவே பெருகின. ஆற்றில் விடுவது நின்றதும் அவற்றுக்கு இடம் போதவில்லை. கடைசியில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்துக்கு அனுப்ப வேண்டிவந்தது. முதலையை வளர்ப்பதைவிட அதற்கு ஆறு தேடுவதுதான் கஷ்டம்.

சரி, மூன்றாவது வழி? நியூசிலாந்தின் ககாபோ கிளி 1995ல் 51தான் இருந்தது. பூனையும், கீரி போன்ற ஸ்டோட் என்ற விலங்கும் இல்லாத தீவுகளில் வைத்துக் காவல் காத்தார்கள். 2022ல் 252. வெளிநாட்டு ஜூ எதுவும் இதில் இல்லை.

இப்போது மெகாபோடுக்கு வருவோம். அது அடைகாக்காது. கடற்கரையை ஒட்டி மணல், மண், இலைச்சருகு எல்லாவற்றையும் தடித்த கால்களால் வாரி மேடாக்கி, அதற்குள் முட்டையைப் புதைக்கும். சருகு மக்கும் சூடும் வெயிலும்தான் முட்டையைப் பொரிக்கின்றன. குஞ்சு தானே தோண்டி மேலே வந்து தாயைத் தேடாமல் நடந்துபோய்விடும். 2004 சுனாமி இந்த மேடுகளைத்தான் அடித்துக்கொண்டு போனது. அப்படியும் தப்பியவை அதே கரைகளில் மறுபடி மேடு கட்டின. இந்தப் பறவைக்குத் தேவை கரைதான். கரையை ஒட்டிய காடு போவதுதான் அதைக் கொல்லும் என்றால், வண்டலூரில் வளரும் குஞ்சுகளை நாளைக்கு எங்கே கொண்டுபோய் விடுவது? துறைமுகம் வரப்போகும் கலாத்தியா விரிகுடாவின் சரணாலய அறிவிப்பை 2021ல் ரத்து செய்துவிட்டு, மெஞ்சால் தீவை மெகாபோடுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சின்னத் தீவு கலாத்தியாவுக்கு ஈடாகாது. இன்னொன்று, தனித்தீவில் வாழ்ந்த பறவைகளுக்குக் கண்டத்துக் கொசுவும் கோழிநோயும் புதியவை. சென்னையில் தொற்றியதைத் திரும்பத் தீவுக்கே கொண்டுபோகும் ஆபத்தும் இருக்கிறது.

அந்தமானின் நார்கொண்டம் இருவாச்சி விஷயத்தில் என் பதில் வேறு. உலகத்திலேயே ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஒரே ஓர் எரிமலைத் தீவில் மட்டும் வாழ்கிறது அது. ஒரு நோய் போதும், எல்லாம் முடிந்துவிடும். அதற்குக் காப்பாக இரண்டாவது கூட்டம் தேவை. அதையும் வண்டலூரில் வைக்க நான் சொல்லமாட்டேன். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) பக்கம் சிடியாத்தப்புவில் ஒரு உயிரியல் பூங்கா இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே போக வேண்டியது மருத்துவர்களும் முட்டை பொரிக்கும் அனுபவமும் பணமும். கூடவே, அத்திமரமும் பெரிய பொந்துகளும் நிறைந்த வேறொரு தீவு இருவாச்சிக்கு ஒத்துவருமா என்பதை அங்கே ஏற்கனவே வாழும் பறவைகளையும் கணக்கில் எடுத்துப் பார்க்க வேண்டும். இருவாச்சி நல்ல எண்ணிக்கையில் இருக்கும் இப்போதே அதைத் தொடங்கிவிடலாம்.