சிறப்பு நிதியிலிருந்து பொது நிதிக்கு: கடனா, நிரந்தர மாற்றமா?

வரவு குறையும் ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள், ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென ஒதுக்கிய சிறப்பு நிதியை, அரசின் பொதுச் செலவுகளுக்கான பொது நிதிக்குக் கடனாகப் பெறுகின்றன அல்லது நிரந்தரமாக மாற்றிவிடுகின்றன.

செலவு: கடனை அடைத்தாக வேண்டும், மாற்றிய பணத்துக்கு அந்தச் சுமை இல்லை.

எளிமை: இரண்டும் பெரும்பாலும் சட்டமன்ற ஒப்புதலோடு முடிந்துவிடும்.

நம்பிக்கை: நிரந்தர மாற்றம் சறுக்குவது இங்கேதான். தொலைபேசிக் கட்டணச் சீட்டில் 911 அவசர அழைப்புச் சேவைக்கெனத் தனிக் கட்டணமாகச் சேர்த்து வசூலித்த பணத்தை நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் வேறு செலவுகளுக்குத் திருப்பியதை, 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் வெளியிடும் ஆண்டறிக்கைகள் பெயர் சொல்லிப் பதிவு செய்துள்ளன. கட்டியவருக்கு இது அநீதி.

தற்காலிகப் பற்றாக்குறைக்குத் தவணை குறித்த கடனே பொருந்தும். நோக்கம் நிறைவேறி, உண்மையிலேயே உபரியாகக் கிடக்கும் நிதிக்கு மட்டும் மாற்றம் பொருந்தும்.