பழனி மலைத்தொடரில் ஏழு ஆண்டுகள் உழைத்த மழைச்சட்டை

2018 ஆகஸ்டில் 3,200 ரூபாய் கொடுத்து இந்த மழைச்சட்டையை வாங்கினேன். கொடைக்கானலைச் சுற்றியுள்ள பாதைகளில் ஆண்டுக்கு ஏழெட்டு நாளாவது தனியாக நடப்பவன் நான். ஏழு மழைக்காலங்களும் இதுதான் துணை. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகைச் சட்டைகளெல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். உட்புறம் மெல்லிய பூச்சு, தையல்களின் மேல் ஒட்டிய நாடா, வெளித்தண்ணீர் வராது, உள்வியர்வை தங்காது என்ற இரண்டு வாக்குறுதிகள்.

முதல் வாக்குறுதி மூன்று ஆண்டுகள் நின்றது. மழைத்துளிகள் சேம்பிலைத் தண்ணீர்போல உருண்டு ஓடின. இரண்டாவது வாக்குறுதியை நம் மலைகளில் ஒரு நாள்கூட நான் கண்டதில்லை. உள்ளே ஈரம் மிகுந்து, வெளிக்காற்று காய்ந்திருந்தால்தான் வியர்வை ஆவியாகித் துணி வழியே வெளியேறும். மேகத்துக்குள்ளேயே நடக்கிறபோது வெளியிலும் ஈரம் உள்ளேயும் ஈரம்; ஆவி எங்கே போகும்? ஏற்றத்தில் இதைப் போட்டு அரை மணி நேரம் நடந்தால், மழையில் நனைந்தவன் அளவுக்கு வியர்வையில் நனைந்திருப்பேன். இது புரியவே எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அன்றிலிருந்து நடக்கும்போது குடை, நின்றால் சட்டை என்று மாற்றிக்கொண்டேன்.

அந்த மாற்றம் எவ்வளவு சரி என்று காட்டியது 2024 அக்டோபரில் ஒரு நாள். வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறை, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை அருவிக்கு இறங்கினேன். ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் கூடும் என்பதால், காலையில் குளிரில் கை விறைத்தவன் மாலையில் புழுக்கத்தில் நிற்பான். கொடைக்கானலுக்கு மலைச்சாலை வராத காலத்தில் பெரியகுளம் பக்கமிருந்துதான் ஏறியிருக்கிறார்கள். 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகளும் இந்தச் சரிவு வழியே வந்தவர்கள்தான். வனத்துறையிடம் அப்போதைய அனுமதி நிலையைக் கேட்டுக்கொண்டு, எந்த வழி, எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்று வீட்டிலும் சொல்லிவிட்டே இறங்கினேன்.

ஏழு மணிக்குப் பாறையிலிருந்து பார்த்தபோது கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி துலக்கமாகத் தெரிந்தது. பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து வெண்மேகம் எழும்பி வந்து பாதையை மூடியது. பிறகு சாரல், கால் மணி நேரம் சுள்ளென்ற வெயில், மறுபடி சடசடவென்று மழை. காற்றடித்ததால் குடையை மடக்கிவிட்டுச் சட்டையைப் போட்டு முக்காட்டை இழுத்துவிட்டேன். அங்கேதான் இந்தச் சட்டையின் பெரிய குறை வெளிப்பட்டது. முக்காட்டின் மேல் விழும் மழைச்சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் தலைதான் திரும்பியது, முக்காடு திரும்பவில்லை. ஒரு வளைவில் மாட்டுக்கொட்டில் வாடை வந்தது. முக்காட்டைத் தள்ளிவிட்டேன். இருபது அடிக்குள், செடிமறைவில், ஒரு காட்டுமாடு. கறுத்த முதுகிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது; முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. அதன் மூச்சு அப்போதுதான் எனக்குக் கேட்டது. அசையாமல் நின்று, பிறகு மெல்லப் பின்வாங்கினேன். அது சரிவில் இறங்கிப் போனபின் மழை நிற்கும்வரை தலை நனைந்தபடியே நடந்தேன். தனியாக நடப்பவருக்குக் காது முக்கியம். கூட்டமாகப் போகிறவர்களுக்கு முக்காடு பெரிய தொல்லையாக இல்லாமல் இருக்கலாம்.

வெள்ளகவி எல்லையில் காலணியைக் கழற்ற வேண்டும். ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. ஈரத்தில் இறுகிப்போன கயிற்று முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தபோது, காலுறைக்குள் இரண்டு அட்டைகள் உப்பிக் கிடந்தன. உரச்சாக்கைக் கொங்காணி போட்டிருந்த ஒரு பெரியவர், "தம்பி, இடி அடங்கட்டும், இப்போது இறங்காதீர்கள், பாறை வழுக்கும்" என்று திண்ணையைக் காட்டினார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடை நின்றதும் பருத்திப் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு குளிர் நடுக்கியது. பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த உலர்ந்த சட்டையை மாற்றி, மேலே மழைச்சட்டையைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்த பத்து நிமிடத்தில் நடுக்கம் நின்றது. காற்றை ஓர் இழைகூட உள்ளே விடவில்லை. 3,200 ரூபாய்க்கு இது செய்த உண்மையான வேலை இதுதான். ஏழு ஆண்டுகளிலும் செய்தது.

தேய்மானத்தையும் சொல்ல வேண்டும். நான்காம் ஆண்டில் பைவார் உரசும் தோள்பட்டையில் தையல் நாடா உரிந்தது. பசை வைத்து ஒட்டினேன், ஒரு பருவம் தாங்கியது. ஆறாம் ஆண்டில் உட்பூச்சு வெங்காயத்தோல்போல உரிந்து சட்டைக் காலரில் வெள்ளைத் துகளாக ஒட்டத் தொடங்கியது. அதற்கு என் கவனக்குறைவும் காரணம். ஈரத்தோடு மடித்து மதுரை வெக்கையில் பீரோவுக்குள் வைத்திருந்தேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்துவிடும். நடந்து திரும்பிய அன்றே நிழலில் தொங்கவிடுங்கள். சாதாரண சோப்புத்தூளைத் தவிர்த்து, மென்மையான திரவ சோப்பில் அலசுங்கள். தண்ணீர் உருளாமல் துணியில் ஊறத் தொடங்கினால், குறிப்புச் சீட்டு அனுமதித்தால், மேலே ஒரு துண்டை விரித்து இளஞ்சூட்டில் இஸ்திரி போடுங்கள். எனக்கு அது இரண்டு முறை பலன் தந்தது.

புதிதாக வாங்கியிருப்பது வியர்வையைப் பற்றி எந்த வாக்குறுதியும் தராத, விலை பாதியான சட்டை. அக்குளில் திறந்துவிட நீளமான ஜிப் உண்டு. முக்காட்டைத் தனியே கழற்றலாம். குடையும் உலர்ந்த சட்டையும் பையில் அதே இடத்தில் இருக்கின்றன.