லேமினேஷன் அட்டைக்கு நாலு ஸ்டார்

என் மகனுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம், வாய்ப்பேச்சு வராது. இடுப்பு ஆபரேஷனுக்காகத் திருமங்கலத்திலிருந்து வந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு நாள் இருந்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் எழுத வந்தது அங்கே இருக்கிற ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுப் பயிற்சி தருபவர்) சேவையைப் பற்றி, பேச வராத பிள்ளை படத்தைத் தொட்டு வேண்டியதைச் சொல்ல உதவும் அட்டையைப் பற்றி.

ஆபரேஷனுக்கு முந்தின நாளே அந்தத் தெரபிஸ்ட் பெண் வந்து, என்னையும் அவன் அப்பத்தாவையும் உட்கார வைத்து, "ஆமான்னா என்ன செய்வான், வேண்டாம்னா என்ன செய்வான்?" என்று கேட்டார். ஆமாவுக்கு மேலே பார்ப்பான் என்றேன். "உதட்டை உள்ளே இழுத்தான்னா ஒண்ணுக்கு வருதுன்னு அர்த்தம்" என்றார் அப்பத்தா. இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாத ஜாடை அது! அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம், எந்தக் கையால் படத்தைத் தொடுவான் என்று கேட்டு, இடது என்றதும், வென்ஃப்ளானை (மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கிற ஊசிக்குழாய்) வலது கையில் போடச் சொல்லி கேஸ் ஷீட்டில் குறித்தார். முன்பு வேறோர் இடத்தில் காய்ச்சலுக்குச் சேர்த்தபோது அந்த இடது கையிலேயே ஊசி குத்திக் கட்டுப் போட்டுவிட்டார்கள், மூன்று நாள் எதையும் கேட்க வழியில்லாமல் அழுதே தீர்த்தான்.

வீட்டில் டேப்லெட்டில், படத்தைத் தொட்டால் குரலில் சொல்லும் ஆவாஸ் செயலி வைத்திருக்கிறோம், சென்னையில் உருவானது, தமிழிலும் பேசும். ஆனால் மயக்கம் முழுசாகத் தெளியாமல் மல்லாந்து கிடக்கிற பிள்ளைக்கு, கட்டில் கம்பியில் துணியால் கட்டித் தொங்கவிட்ட பன்னிரண்டு படம் போட்ட அட்டைதான் உதவியது.

குறை இல்லாமல் இல்லை. ரெடிமேட் படங்களில் பர்கர் இருந்தது, இட்லி இல்லை. அப்பத்தா சிரித்த சிரிப்பில், நானே இட்லியையும் அவனுடைய நீல டம்ளரையும் தாத்தாவையும் போனில் எடுத்து, எதிர் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்தேன். வலியைக் காட்ட ஆறு முகங்கள் போட்ட தாள் ஒன்று உண்டு, சிரிப்பது பூஜ்யம், அழுவது பத்து. இவன் நெற்றியெல்லாம் வேர்த்து முனகிக்கொண்டே சிரிக்கிற முகத்தைத் தொட்டான், அந்த முகம்தான் அவனுக்குப் பிடித்திருக்கிறது! சொன்னவுடன் தெரபிஸ்ட் தாளை எடுத்துவிட்டு, உடம்புப் படத்தைக் காட்டி "இங்கேயா?" என்று ஒவ்வொரு இடமாகக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு, கண்ணால் மேலே பார்த்துப் பதில் சொன்னான்.

ஒரு ஸ்டாரைக் குறைத்தது ராத்திரிக்காக. ஆபரேஷன் முடிந்த அன்று ஐசியூவில் எங்களைப் பத்து நிமிஷம்தான் விட்டார்கள், அட்டை வார்டிலேயே கிடந்தது. அந்த நேரத்தில்தானே அது வேண்டும்? நைட் சிஸ்டருக்கு இப்படி ஓர் அட்டை இருப்பதையே யாரும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் சேரும் அன்றே இந்தச் சேவை உண்டா என்று நீங்களாகக் கேளுங்கள், தானாக யாரும் சொல்ல மாட்டார்கள். அட்டையை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுடைய முதல் அட்டை பெட்ஷீட்டோடு சலவைக்குப் போய்விட்டது.