ஆணி டயரா, தடி டயரா? ஊலுவில் ஒரு பனிக்காலம்

ஃபின்லாந்தின் ஊலுவுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், டிசம்பரில் சைக்கிளை ஓரங்கட்ட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி மைனஸ் 15-இல், கூடையில் காய்கறியோடு சைக்கிளில் போனதைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை உள்ள ஊர் இது. குளிர்கால சைக்கிள் மாநாடு 2013-இல் முதன்முதலாகக் கூடியதும் இங்கேதான்.

சரி, எந்த வண்டி? பழைய சைக்கிளுக்கே ஆணி பதித்த டயர் மாட்டலாம்; இல்லையென்றால் 4 அங்குலத் தடி டயரோடு வரும் ஃபேட் பைக் வாங்கலாம். நான் ஃபேட் பைக்கில் ஆரம்பித்தவன்.

அதன் சூட்சுமம் காற்றில் இருக்கிறது. சாதாரண சைக்கிளுக்குக் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ என்றால் இதற்கு 10-க்கும் கீழே. டயர் தோசை மாதிரி பரந்து, மிதிபட்டு இறுகிய பனிமேல் மிதந்து போகும். ஆனால் 20 டிகிரி வீட்டுக்குள் 8 பிஎஸ்ஐ அடித்து, மைனஸ் 20-க்கு வெளியே எடுத்தால் அது 5-க்கு இறங்கிவிடும். வண்டி சேற்றில் இழுப்பதுபோல் இழுக்கும். காற்றை வெளியே நின்று அடிக்க வேண்டும் என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. முழங்கால் ஆழப் புதுப்பனியில் இதுவும் புதையும். கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒருநாள் பனி லேசாக உருகி, ராத்திரி மறுபடி உறைந்தது. காலையில் சுரங்கப்பாதை இறக்கத்தில் திரும்பினேன். அவ்வளவு அகலமான டயர், கண்ணாடித் தரையில் சோப்பு போல வழுக்கியது. முழங்கை பத்து நாள் மடங்கவில்லை. நகரத்தில் பாதைப் பனியை வாகனம் வந்து வழித்துவிடும். ஆளைத் தள்ளுவது பனிக்கு அடியில் மிஞ்சும் ஐஸ்தான்.

ஃபேட் பைக்குக்கும் ஆணி டயர் உண்டே என்பீர்கள். உண்டு. அந்த ஜோடியின் விலைக்கு இங்கே பழைய சைக்கிள் ஒன்றே கிடைக்கும்.

அப்புறம்தான் ஆணி டயருக்கு வந்தேன். ஆணி முனை டங்ஸ்டன் கார்பைடாக இருக்கட்டும். வெறும் எஃகு தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும். உள்ளூர்க்காரர்கள் மாட்டும் ஹக்கபெலித்தா என்ற ஆணி டயரில் டபிள்யூ 106, டபிள்யூ 240 என்று இரண்டு உண்டு. எண் என்பது ஆணிக் கணக்கு. சமமான பாதைக்கு 106 போதும். சக்கரத்தடம் பள்ளமாக உறைந்த தெரு என்றால் 240 எடுங்கள், ஓர ஆணிகள் அங்கேதான் பிடிக்கும். புது டயரை முதல் 40 கிலோமீட்டர் சடன் பிரேக் இல்லாமல் ஓட்டினால் ஆணி நன்றாக உட்காரும். ஒன்றுக்குத்தான் காசு என்றால் முன்சக்கரத்துக்கு. பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் அடுத்த நொடி தரையில்.

குறை உண்டு. வேகம் குறையும். பனியில்லாத தாரில் கடுகு தாளிப்பதுபோல் படபடவென்று சத்தம். கார்கள் உழுது நாட்டுச் சர்க்கரையாக்கிய பனியில் இரண்டுமே தோற்கும், இறங்கித் தள்ளுங்கள்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: பனி அப்பிய சைக்கிளை வீட்டுக்குள் வைக்காதீர்கள். உருகிய தண்ணீர் மறுநாள் வெளியே உறைந்து, ஃப்ரீவீல் பிடிக்காமல் பெடல் சும்மா சுற்றும்.

ஃபேட் பைக்கை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதைக்கு அதுதான். ஆபீசுக்கு, 106 ஆணியோடு அதே பழைய சைக்கிள்.