வான்ஸா, ரூபியோவா: ட்ரம்புக்குப் பிறகு யார்?

2028 அதிபர் தேர்தலில் அமெரிக்க வலதுசாரிகளின் குடியரசுக் கட்சியை யார் வழிநடத்துவார் என்று குழம்புபவர்கள் மேடைப் பேச்சை விட்டுவிட்டு வாக்குக் கணக்கைப் பார்க்கலாம்.

வாக்கு: 2022-இல் ஒஹாயோவில் ஜே.டி. வான்ஸ் (இன்றைய துணை அதிபர்) செனட்டுக்குச் சுமார் 6 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். அதே நாள், அதே மாநிலம், அதே கட்சி. ஆளுநர் மைக் டிவைனுக்கோ 25 புள்ளி! ஃப்ளோரிடாவில் மார்கோ ரூபியோவுக்கு (இன்றைய வெளியுறவு அமைச்சர்) 16.

பழைய சுமை: ரூபியோவுக்கு இடிப்பது இங்கேதான். ஆவணமின்றிக் குடியேறியவர்களுக்குக் குடியுரிமை வழி திறந்ததால் கட்சித் தொண்டர்களுக்குக் கசந்த 2013 குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை எழுதிய எட்டு செனட்டர்களில் அவரும் ஒருவர். 2016-இல் அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில் சொந்த மாநிலத்தின் 67 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போல) மயாமி-டேட் ஒன்றுதான் அவருக்குத் தேறியது, அன்றிரவே விலகினார். வான்ஸும் ஒருகாலத்தில் ட்ரம்பைத் திட்டியவர்தான். 2022-இல் ட்ரம்பே ஆதரவு தந்ததும் அந்தக் கறை போய்விட்டது.

பணம்: 2025 மார்ச்சில் கட்சித் தேசியக் குழுவின் நிதிப் பொறுப்பு வான்ஸ் கைக்கு வந்தது. நன்கொடையாளர்களின் பழக்கம் தானாக வரும்.

பதவி: துணை அதிபர் நாற்காலி கட்சிக்குள் ஏணி, வெளியே பாரம். 1836-க்குப் பிறகு அதில் இருந்தபடியே அதிபர் தேர்தலில் வென்றவர் 1988-இல் மூத்த புஷ் மட்டும்தான்.

கட்சித் தொண்டர்களைப் பிடிக்க வான்ஸ். நடுநிலை வாக்காளர்களைப் பிடிக்க ரூபியோ. முதல் கதவைத் தாண்டினால்தானே இரண்டாவது? என் கணிப்பு வான்ஸ் பக்கம்.