உப்புநீரைப் பிரித்தல்: ஆவியாக்கலா, காய்ச்சி வடித்தலா?

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவை வடிதாளில் சிக்குவதில்லை என்பதால், தொடக்க வகுப்புகளில் இக்கலவையைப் பிரிக்கப் பெரும்பாலும் ஆவியாக்கல், காய்ச்சி வடித்தல் ஆகிய இரு வழிகளே காட்டப்படுகின்றன.

ஆவியாக்கலுக்குத் தட்டும் வெயிலும் போதும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நடப்பதும் இதுவே. ஆனால் உப்பு தட்டில் தங்க, நீர் காற்றோடு கலந்துவிடுவதால், தண்ணீரே அழிந்துபோனதாகக் குழந்தைகள் எண்ணிவிடக்கூடும்.

காய்ச்சி வடித்தலிலோ, ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் கொதித்தெழும் நீராவி குளிர்ந்த குழாயில் பட்டு மீண்டும் துளித்துளியாகத் திரள்வதைக் கண்ணாலேயே காணலாம் என்பதால், இது மீள் மாற்றமே, புதிய பொருள் எதுவும் உருவாகவில்லை என்பது தெளிவாகிறது. (இட்லிக் கொப்பரை மூடியின் நீர்த்துளிகளும் இதே பாடந்தான்.) நெருப்பு தேவைப்படுவதால் ஆசிரியரே செய்துகாட்ட வேண்டும்.

உப்பு மட்டும் வேண்டுமெனில் தட்டே போதும். ஊற்றிய நீரையும் வடிந்த நீரையும் அளவிடும் குவளையில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், வடித்தலையே நான் தேர்வேன்.